விடுமுறையில் சொந்தபந்தங்களையும் பார்த்து, கிடப்பில் போட்ட சொந்த வேலையையும் முடிப்பது எப்படி?

பத்து நாள் லீவில் ஊருக்குப் போனால் வேலை நடப்பதில்லை, வேலைக்கென்று அறையிலேயே உட்கார்ந்தால் ஊரில் எல்லோருக்கும் மனத்தாங்கல், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் பல வருடம் இதே பாடுதான்.

நான் ரங்கூனில் ஒரு அச்சகத்தில் பக்கம் அமைக்கிற வேலை பார்க்கிறேன். எங்களுக்குப் பெரிய லீவு ஏப்ரலில் வரும் தண்ணீர்த் திருவிழா, பர்மியர் சொல்லும் திஞ்சான். பர்மியப் புத்தாண்டும் நம் சித்திரை முதல் நாளும் அந்த ஒரே வாரத்தில் வந்துவிடும், அதனால் ஊருக்குப் போகாமல் இருந்தால் கேட்க ஆள் உண்டு. எங்கள் ஊர் மோல்மீன். முன்பெல்லாம் ரயில் மொட்டமாவோடு நின்றுவிடும், அங்கிருந்து படகேறி ஆற்றைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அப்பா சொல்வார். 2005இல் சல்வீன் ஆற்றுப் பாலம் திறந்த பிறகு அந்தச் சிரமம் இல்லை.

என் பதில் இதுதான்: அந்த வீட்டில் இருக்கிறவர்கள் இல்லாமல் நடக்கவே நடக்காத ஒரு வேலையாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போங்கள். மற்ற வேலையை ஊருக்குக் கொண்டே போகாதீர்கள். நான் மூன்று வருடம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய், மூலையில் உட்கார்ந்து, அப்பத்தா வந்து பக்கத்தில் நிற்பதைக்கூடக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். வேலையும் முடியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனது சங்கடப்படுகிறது.

நான் எடுத்துக்கொண்ட வேலை ஐயாவின் பேரேடு. அப்பாவுடைய அப்பா மோல்மீனில் மளிகைக் கடை வைத்திருந்தார். மூன்று பேரேடுகள் தகரப் பெட்டியில் இருந்தன, 1949இலிருந்து 1964 வரை. ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, எழுத்தைத் தட்டச்சு செய்து வைக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை, ஆனால் என்னால் படிக்க முடியவில்லை, ஏனென்றால் ஐயா 1, 2, 3 என்று எழுதவில்லை, எல்லாம் தமிழ் எண்கள், அதோடு கால், அரை, மாகாணிக்கெல்லாம் (மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு) தனித்தனிக் குறிகள். அப்பத்தாவுக்குத் தொண்ணூறு வயது. கண் கொஞ்சம் மங்கல், ஆனால் கணக்கு அப்படியே இருக்கிறது, கல்யாணமான நாளிலிருந்து ராத்திரிக் கணக்கு முடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கூட்டியவர் அவர்தான்.

ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். 1951. "மில்லு மௌங்" என்று ஒரு பேர், மர மில்லில் வேலை பார்த்த ஆள். அதற்கு எதிரே "அவ" என்று இருந்தது. அடுத்த வாரமும் "அவ". நானும் சித்தப்பா மகளும் அவருடைய சம்சாரம் வந்து சாமான் வாங்கியிருக்கிறார், அதைத்தான் ஐயா அப்படிக் குறித்திருக்கிறார் என்று முடிவே செய்துவிட்டோம். அப்பத்தாவிடம் போனில் பெரிதாக்கிக் காட்டினேன். "அவ இல்லப்பா, அது எட்டேகால்" என்றார். "எட்டேகால் லட்சணம்னு திட்டுவாங்களே, நீ கேட்டதே இல்லையா?" அ என்றால் எட்டு, வ என்றால் கால். எட்டேகால் லட்சணம் என்றால் அவலட்சணம். எட்டேகால் ரூபாய், அதாவது எட்டு ரூபாய் நாலணா பாக்கி, அவ்வளவுதான். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதால் மாகாணிக் குறி இருந்தால் ஓரணா. இது தெரிந்ததும் மற்ற பக்கங்கள் மளமளவென்று ஓடின. 1952இல் ரூபாய் போய் சாட் வந்து, ஒரு சாட்டுக்கு நூறு பியா என்று ஆனபோது ஐயா சில வாரங்கள் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்திருக்கிறார்.

தட்டச்சு செய்ய நினைப்பவர்களுக்காக ஒன்று. மேற்படி (௸), வரவு (௷) போன்ற குறிகள் யூனிகோடில் 2003லேயே வந்துவிட்டன. பின்னக் குறிகள் மட்டும் 2019இல்தான் தனித் தொகுதியாகச் சேர்ந்தன, அதற்கென்று நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்ற எழுத்துரு இருக்கிறது, அதை நிறுவாவிட்டால் வெறும் கட்டம்தான் தெரியும். அதே 2019 அக்டோபரில்தான் இங்கே பர்மிய எழுத்தும் சௌஜி என்ற பழைய எழுத்துரு முறையை விட்டு யூனிகோடுக்கு மாறியது. அச்சகத்தில் பழைய கோப்புகளை மாற்றி மாற்றியே கை பழகியிருந்ததால் எனக்கு இது சுலபமாக இருந்தது.

படம் எடுப்பது காலை ஒன்பது மணிக்குள், திண்ணை வெளிச்சத்தில். வெயில் ஏறினால் தாளில் நிழல் விழும், அப்புறம் தெருவில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிடுவார்கள், பேரேட்டை வெளியே வைக்க முடியாது. மத்தியானம் நானும் நனைந்துவிட்டு வருவேன். சாயங்காலம் அத்தை வீட்டில் பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்களோடு சேர்ந்து அரிசி மாவு உருண்டைக்குள் பனைவெல்லம் வைத்துக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள், மேலே மிதந்து வந்ததும் எடுத்துத் தேங்காய்ப்பூ தூவித் தருவார்கள். நம் கொழுக்கட்டைக்குச் சொந்தம். கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது தட்டச்சு. அப்பத்தா படிக்க, சித்தப்பா மகள் அடிக்க, நான் சரிபார்க்க, ஒரு நாளைக்கு ஆறேழு பக்கம்தான் ஆகும். ஆகட்டும்.

மூன்றாவது பேரேடு பாதியில் நிற்கிறது. 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, மே மாதம் ஐம்பது, நூறு சாட் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள், எங்கள் சின்னய்யா குடும்பத்தோடு கப்பல் ஏறிவிட்டார். ஐயா போகவில்லை. கடைசியாக எழுதிய பக்கத்தில் அதே மில்லு மௌங் பேர், பதினாலு சாட் பாக்கி. அதற்கப்புறம் எல்லாம் வெற்றுத் தாள்.

அப்பத்தா அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "இத அவர் குடுத்துட்டாருப்பா" என்றார். ஐயா செத்த அன்றைக்கு மில்லு மௌங் மகனோடு வந்து, பணத்தைத் துணியில் முடிந்து கொண்டுவந்து, அப்பத்தா கையில் கொடுத்திருக்கிறார். கடை போய் இருபது வருடத்துக்கு மேல் ஆன பிறகு. "வரவு வைக்கணும்" என்றார். நான் கோப்பில் ௷ போட்டுக் காட்டினேன். அவருக்கு அது போதவில்லை, பேனா கேட்டார். பழைய தாள், மை ஊறிவிடும் என்று பத்து நாளாக யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தவன் நான், பேனாவை எடுத்துக் கொடுத்தேன். கை நடுங்க நடுங்க அந்தப் பதினாலுக்கு எதிரே அவரே வரவு வைத்தார்.

அந்தப் பக்கத்தை மறுபடி படம் எடுத்து வைத்திருக்கிறேன். பழைய படத்தையும் அழிக்கவில்லை.