கவுண்டி கோர்ட்டிலிருந்து விவாகரத்துத் தீர்ப்பின் நகல் வாங்குவது எப்படி?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இது: ஆஸ்டினுக்கு வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. நிச்சயம் செய்திருக்கும் மாப்பிள்ளை அமெரிக்கக் குடிமகன், அவருக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் கல்யாணம் கோவையில் நடந்தது. 2017 வாக்கில் கலிஃபோர்னியாவில் விவாகரத்து ஆனது, அப்போது அவர் சன்னிவேலில் குடியிருந்தார். இமிக்ரேஷன் வக்கீல் அந்தத் தீர்ப்பின் சர்டிஃபைடு காப்பி (கோர்ட் முத்திரையிட்டுச் சான்றளித்த நகல்) கேட்கிறார். ஈரோட்டில் அப்பா, பேப்பரைக் கண்ணால் பார்க்காமல் பத்திரிகை அடிக்க மாட்டேன் என்கிறார். ஒரு இணையதளம் 39 டாலர் கட்டினால் ‘முழு விவாகரத்து ரிப்போர்ட்’ தருகிறேன் என்கிறது. கட்டலாமா?

கட்டாதீர்கள். அந்த மாதிரித் தளங்கள் அங்கங்கே கிடைக்கும் பெயர்ப் பட்டியல்களைத் திரட்டி விற்பவை. ஒரே பெயருள்ள இரண்டு மூன்று ஆட்களை ஒரே ஆளாக்கிவிடுவதும் உண்டு. வருவது கோர்ட் முத்திரை இல்லாத வெறும் சுருக்கம். இமிக்ரேஷனிலும் செல்லாது, ஊரில் சார்பதிவாளர் முன்னாலும் செல்லாது. அதே காசுக்கு, ஏன் அதற்கும் குறைவாகவே, கோர்ட்டிலேயே அசல் நகல் கிடைக்கும்.

இந்த நாட்டில் விவாகரத்துக்கென்று மத்திய அரசின் பதிவேடு எதுவும் கிடையாது. மாநில அரசிடம் கேட்கலாமே என்று தோன்றும். அங்கே கிடைப்பது பெரும்பாலும் தீர்ப்பு அல்ல. கலிஃபோர்னியாவின் பொதுச் சுகாதாரத் துறையிடம் 1962 முதல் 1984 ஜூன் வரைக்குமான விவாகரத்துகளுக்கு மட்டுமே பதிவு இருக்கிறது. அதற்கும் அவர்கள் தருவது பதிவுச் சான்று ஒன்றுதான், வந்து சேர ஆறு மாதத்துக்கு மேல்கூட ஆகலாம். டெக்சஸ் மாநில அலுவலகம் 1968-லிருந்து நடந்தவற்றுக்கு ‘இப்படி ஒரு பதிவு இருக்கிறது’ என்று கடிதம் தரும். அது தீர்ப்புக்கு ஈடாகாது. நியூயார்க் 1963-லிருந்து சான்றிதழ் தருகிறது. 2017-இல் கலிஃபோர்னியாவில் முடிந்த வழக்குக்கு இவை எதுவும் உதவாது. உங்கள் வக்கீல் கேட்பது நீதிபதி கையெழுத்திட்ட தீர்ப்பு. அது வழக்கு நடந்த கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கோர்ட் கிளர்க்கிடம்தான் இருக்கும்.

எந்தக் கவுண்டி என்பதில்தான் முதல் சறுக்கல். கல்யாணம் எங்கே நடந்தது, இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் கணக்கில் வராது. மனு போட்ட சமயத்தில் இருவரில் ஒருவர் குடியிருந்த இடம்தான் கணக்கு. கலிஃபோர்னியாவில் வழக்குப் போட மாநிலத்தில் 6 மாதமும் அந்தக் கவுண்டியில் 3 மாதமும் இருந்திருக்க வேண்டும். டெக்சஸில் 6 மாதம், 90 நாள். ஆகவே அந்த வருடத்து முகவரியைக் கேட்டு, ஊரிலிருந்து கவுண்டிக்கு வாருங்கள். சன்னிவேல் சான்டா கிளாரா கவுண்டி. பக்கத்திலேயே இருக்கும் ஃப்ரீமான்ட்டோ அலமேடா கவுண்டி. உங்கள் டெக்சஸில் பிளேனோ காலின் கவுண்டியில் வரும், ஃபிரிஸ்கோ காலின், டென்டன் இரண்டிலும் பரவிக் கிடக்கிறது. அவருடைய முன்னாள் மனைவி அப்போது ஃப்ரீமான்ட்டுக்குத் தனியாகக் குடிபோயிருந்து, வழக்கை அவரே போட்டிருந்தால், நீங்கள் சான்டா கிளாராவில் எவ்வளவு தேடினாலும் ‘பதிவு இல்லை’ என்றுதான் வரும். அந்தப் பதிலுக்கு ‘இந்தக் கவுண்டியில் இல்லை’ என்பதற்கு மேல் பொருள் கிடையாது.

அலுவலகத்தின் பெயரும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் சுப்பீரியர் கோர்ட் கிளர்க். டெக்சஸில் டிஸ்ட்ரிக்ட் கிளர்க்; அங்கே கவுண்டி கிளர்க் என்று தனியாக ஒருவர் உண்டு, கல்யாண லைசென்ஸும் சொத்துப் பத்திரமும் அவரிடம், விவாகரத்து அவரிடம் இல்லை. இல்லினாயில் சர்க்யூட் கோர்ட் கிளர்க். நியூயார்க்கில் வழக்கு நடப்பது சுப்ரீம் கோர்ட்டில் (பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது கீழமை நீதிமன்றம்தான்), கோப்பு கவுண்டி கிளர்க்கிடம் இருக்கும். அந்தக் கோப்புகள் 100 வருடத்துக்கு மூடப்பட்டவை, கணவன், மனைவி, அவர்களின் வக்கீல்கள் தவிர யாருக்கும் தர மாட்டார்கள். கலிஃபோர்னியாவில் பொதுவாகத் தீர்ப்பை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம்.

அலைவதற்கு முன் அவரிடமே கேஸ் நம்பரைக் கேட்டுவிடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தீர்ப்புப் பதிவானதும் எஃப்எல்-190 என்ற அறிவிப்பை இரு தரப்புக்கும் கோர்ட்டே தபாலில் அனுப்புகிறது. அந்தத் தாளின் மேல்பக்கத்தில் கேஸ் நம்பர் இருக்கும். நம்பரை வைத்துக் கோர்ட்டின் இணையதளத்தில் நீங்களே வழக்கைத் திறந்து பாருங்கள். வெளியாட்களுக்கு இணையத்தில் தெரிவது வழக்கின் பட்டியல் விவரம் மட்டும். குடும்ப வழக்கின் ஆவணங்களை வெளியாட்கள் இணையத்தில் படிக்கக் கலிஃபோர்னியா விதி இடம் தராது, கோர்ட்டுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். பட்டியலில் வழக்கு இருக்கிறது என்பதற்காக விவாகரத்து ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மனு போட்டுவிட்டுக் கைவிட்டவை, தள்ளுபடி ஆனவை எல்லாமே அந்தப் பட்டியலில்தான் இருக்கும். ‘தீர்ப்பு பதிவானது’ என்ற வரியும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம்பர் கிடைக்காவிட்டால் பெயரை வைத்துத் தேட வேண்டும். நம்மவர் பெயர்கள் இங்கேதான் படுத்தும். தகப்பனார் பெயர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராகப் பதிவாகி, கோர்ட்டிலும் அப்படியே ஏறியிருக்கும். ‘செந்தில்குமார்’ ‘செந்தில்’, ‘குமார்’ என்று இரண்டாகப் பிரிந்து குமார் குடும்பப் பெயராகியிருக்கும். இனிஷியல் மட்டும் நடுப்பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் உள்ளவர்களுக்கு விசாவில் ‘எஃப்என்யூ’ (முன்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று முன்பெயர் விழுந்திருக்கும், அதையும் யாராவது கோர்ட் மனுவில் எழுதியிருப்பார்கள். அதனால் பெயரை முன்பின்னாக மாற்றி, ஒட்டியும் பிரித்தும், ஆங்கில எழுத்துக்கூட்டலில் ‘த’வுக்கு எச் போட்டும் போடாமலும் தேடுங்கள். அப்படியும் வராவிட்டால் முன்னாள் மனைவியின் பெயரில் தேடுங்கள். பல சமயம் அந்தப் பெயர்தான் சுலபமாகச் சிக்கும்.

நகல் கேட்பது நேரிலும் செய்யலாம், தபாலிலும் செய்யலாம். சான்டா கிளாராவின் குடும்ப நீதிமன்றம் சான் ஹோசேயில் நார்த் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. ஆஸ்டினிலிருந்து உங்களுக்குத் தபால்தான் வசதி. கடிதத்தில் இருவரின் முழுப் பெயர், கேஸ் நம்பர், தீர்ப்பு வந்த வருடம், வேண்டிய ஆவணம் ‘எஃப்எல்-180 தீர்ப்பு, எல்லா இணைப்புகளுடன்’, எத்தனை நகல், ‘சர்டிஃபைடு’ என்ற சொல் ஆகியவை இருக்க வேண்டும். வெறுமனே ‘காப்பி’ என்று எழுதினால் முத்திரையில்லாத ஜெராக்ஸ் வரும். விவாகரத்துத் தீர்ப்புக்குச் சான்று போட 15 டாலர், நகல் பக்கத்துக்கு 50 சென்ட். நம்பர் இல்லாமல் அவர்களைத் தேடவைத்து, தேடல் 10 நிமிடத்தைத் தாண்டினால் இன்னொரு 15 டாலர். தீர்ப்பின் படிவம் இரண்டே பக்கம்தான். ஆனால் சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் இணைந்திருந்தால் 40 பக்கம்கூடப் போகும், அப்போது 35 டாலர் ஆகும். பக்கக் கணக்கு முன்கூட்டித் தெரியாதல்லவா, அதனால் செக்கில் தொகையை நிரப்பாமல் ‘50 டாலருக்கு மிகாமல்’ என்று எழுதி அனுப்பும் வழக்கம் இங்கே உண்டு (இது ஒரு நகலுக்கு, இரண்டு கேட்டால் வரம்பை இரண்டு மடங்காக்குங்கள்). கிளர்க் சரியான தொகையை நிரப்பிக்கொள்வார். உங்கள் முகவரி எழுதிய, போதிய தபால்தலை ஒட்டிய பெரிய கவர் ஒன்றையும் சேர்த்து வையுங்கள். இது இல்லாததால் கிடப்பில் போகும் கடிதங்கள் ஏராளம். கட்டணம் மாறக்கூடியது, அனுப்பும் அன்று கோர்ட் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

நகல் கைக்கு வந்ததும் உறையோடு வக்கீலுக்கு அனுப்பிவிடாதீர்கள். எஃப்எல்-180-இன் முதல் பக்கத்தை நீங்களும் அப்பாவும் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

மேலே பெட்டிக்குள் ‘டிசல்யூஷன்’, ‘லீகல் செப்பரேஷன்’, ‘நல்லிட்டி’ என்று மூன்று கட்டங்கள். முதலாவதில் குறி இருந்தால்தான் விவாகரத்து. நல்லிட்டி என்றால் கல்யாணமே செல்லாது என்ற தீர்ப்பு. லீகல் செப்பரேஷன் என்றால் பிரிந்து வாழச் சட்டப்படி ஏற்பாடு அவ்வளவுதான், கல்யாணம் முறியவில்லை. அவர் மறுபடி கல்யாணம் செய்ய முடியாது. மூன்றும் ஒரே படிவத்தில் இருப்பதால், அவசரத்தில் பார்ப்பவர்கள் தீர்ப்பு என்ற தலைப்பைப் பார்த்ததும் திருப்தியாகிவிடுகிறார்கள்.

அதே பெட்டியில் ‘திருமண நிலை முடியும் தேதி’ என்று ஒரு வரி இருக்கும், கீழே 4-ஆம் பத்தியிலும் அது வரும். நீதிபதி கையெழுத்திட்ட தேதி வேறு, இந்தத் தேதி வேறு. எதிர்த்தரப்புக்குச் சம்மன் போய்ச் சேர்ந்த நாளிலிருந்தோ அவர் கோர்ட்டில் ஆஜரான நாளிலிருந்தோ 6 மாதம் முடியாமல் கலிஃபோர்னியாவில் கல்யாணம் முறியாது. ஆகவே மார்ச்சில் கையெழுத்தான தீர்ப்பில் ஜூன் தேதி இருக்கலாம். இடைப்பட்ட நாளில் செய்துகொண்ட கல்யாணம் செல்லாது, அதை வைத்துப் போட்ட ஐ-130 மனுவும் (வாழ்க்கைத் துணையின் கிரீன் கார்டுக்காகப் போடுவது) நிற்காது. 2017 வழக்கில் உங்களுக்கு இந்தச் சிக்கல் வரப்போவதில்லை. ஆனால் படிவங்களில் ‘முந்தைய திருமணம் முடிந்த தேதி’ என்று கேட்கும் இடத்தில் நிரப்ப வேண்டியது இந்தத் தேதியைத்தான். வேறு தேதி போட்டால் அதற்கு விளக்கம் கேட்டு ஓலை வரும்.

அப்பாவுக்கு முக்கியமானவை 2-ஆம் பத்தியும் 3-ஆம் பத்தியும். வழக்கு எப்படி முடிந்தது, எதிர்த்தரப்புக்குச் சம்மன் மட்டும் போனதா அல்லது அவர் ஆஜரானாரா என்பது அங்கே குறிக்கப்பட்டிருக்கும். முதல் கல்யாணம் கோவையில் நடந்ததால் இது வெறும் சம்பிரதாயமல்ல. மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் கவுண்டி கோர்ட் கொடுத்த விவாகரத்து ஒன்றை 1991-இல் நம் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. இந்து திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக, மனைவி அந்தக் கோர்ட்டின் அதிகாரத்துக்கு உட்படாத நிலையில், எக்ஸ்பார்ட்டியாக (எதிர்த்தரப்பு வராமலேயே) வந்த வெளிநாட்டுத் தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்தாது என்பதுதான் அதன் சாரம். இருவரும் சம்மதித்து வாங்கிய விவாகரத்துக்கு அந்தத் தடை இல்லை. கலிஃபோர்னியாவில் வழக்கமாகக் குறிப்பிடும் காரணம் ‘ஒத்துப்போக முடியாத வேறுபாடு’, அது இந்து திருமணச் சட்டத்தில் தனிக் காரணமாக இல்லை. ஆகவே முன்னாள் மனைவி ஆஜராகியிருக்கிறாரா, இணைப்பில் இருவரின் கையெழுத்தோடு ஒப்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இணைப்புகளோடு கேட்கச் சொன்னது இதனால்தான். இரண்டும் இருந்தால் அப்பா நிம்மதியாகப் பத்திரிகை அடிக்கலாம். சம்மன் மட்டும் போய், ஊரில் இருந்த அந்தப் பெண் வரவே இல்லை என்று இருந்தால், அமெரிக்க விசாவுக்கு அது போதும். ஊரில் கல்யாணத்தைப் பதிவு செய்வதற்கு முன் மட்டும் ஒரு குடும்ப நல வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

இந்தியாவில் காட்டப்போகிற நகலுக்கு அப்போஸ்டில் வேண்டும், அதாவது ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்பதற்கான அரசுச் சான்று. தீர்ப்பு எந்த மாநிலமோ அந்த மாநிலத்தின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்தான் அதைத் தர முடியும். டெக்சஸில் இருக்கிறீர்கள் என்பதற்காக ஆஸ்டின் அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கலிஃபோர்னியாவில் தபாலில் சாக்ரமென்டோவுக்கு அனுப்பினால் ஒரு ஆவணத்துக்கு 20 டாலர். கோர்ட்டுக்கு எழுதும் கடிதத்திலேயே ‘இந்தியாவுக்கு அப்போஸ்டில் வாங்க’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அதற்கேற்ற கையெழுத்தோடு தருவார்கள். இன்னொன்று, ஸ்டேப்பிள் பின்னைக் கழற்றாதீர்கள். ஸ்கேன் செய்ய வசதியாக இருக்கட்டும் என்று பிரித்து மறுபடி அடித்தால் பக்கம் மாற்றப்பட்டதோ என்ற சந்தேகம் வரும், நகல் நிராகரிக்கப்படலாம். பின்னோடு மடக்கி, போனில் படம் எடுத்தாலே அப்பாவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பப் போதும்.

ஒரே தடவையில் இரண்டு சர்டிஃபைடு நகல் கேளுங்கள். ஒன்றை அப்போஸ்டிலோடு ஊருக்கு அனுப்புங்கள். இன்னொன்றின் ஜெராக்ஸ் ஐ-130 மனுவோடு போகட்டும், அசல் முத்திரை உள்ளது இன்டர்வியூ நாள் வரை உங்கள் ஃபைலில் இருக்கட்டும்.