35 வயதில் 98 மைல் வேகம் நிஜமா?

கேள்வி: ‘தி ரூக்கி’ படத்தில் 35 வயது வாத்தியார் பெரிய பேஸ்பால் அணிக்குப் போகிறாரே, உண்மையா? எனக்கு 38. ஓணம் டென்னிஸ் பந்து மேட்சில் மறுபடி வீசலாமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: உண்மைதான். அந்த வாத்தியார் ஜிம் மாரிஸ்; அணித் தேர்வில் மணிக்கு 98 மைல் வேகத்தில் வீசியவர். 1999 செப்டம்பரில் டாம்பா பே அணிக்கு இறங்கி, எதிர்கொண்ட முதல் ஆட்டக்காரரையே அடிக்க விடாமல் ‘ஸ்ட்ரைக் அவுட்’ செய்தார். ஆனால் மொத்தமே 21 ஆட்டங்கள், 2000-த்தோடு சரி. படம் அதைக் காட்டாது!

நீங்கள் தாராளமாக வீசலாம். ஜூனிலேயே தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் ஓடிவர வேண்டாம். நின்றபடி பாதி வேகத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள் 18 பந்து போதும். பிறகு வாரம் ஒரு ஓவர் கூட்டுங்கள். டென்னிஸ் பந்து லேசு என்பதால் வேகத்துக்காகத் தோளை வெடுக்கென்று சுண்டுவோம், பிடித்துக்கொள்வது அங்கேதான். மறுநாளும் வலித்தால் பந்தைத் தொடாதீர்கள்.