கிளெயாந்தை வெட்டிவிடலாமா?

கேள்வி: பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் 'தார்த்தூஃப்' நாடகம் படித்தேன். பக்தி வேஷம் போடும் தார்த்தூஃப் என்பவனை நம்பி, ஓர்கோன் என்ற குடும்பத் தலைவன் சொத்தையே எழுதிக் கொடுக்கிறான். அவன் மைத்துனன் கிளெயாந்த் பக்கம் பக்கமாகப் புத்தி சொல்கிறான். ஒரு பலனும் இல்லை. மதவாதிகளைச் சமாதானப்படுத்தச் செருகிய பாத்திரம்தானே இது? வெட்டிவிட்டால் நாடகம் இன்னும் விறுவிறுப்பாக இருக்காதா?
– வாசகர் ஒருவர், மதுரை

பதில்: தாராளமாக வெட்டுங்கள். ஆனால் ஐந்தாம் அங்கத்தின் முதல் காட்சியை என்ன செய்வதாக உத்தேசம்?

உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம்தான். 1664 மே மாதம் வெர்சாயில் அரசர் பதினான்காம் லூயி முன்னால் இந்த நாடகம் முதலில் நடந்தது. பொது அரங்கில் போடக் கூடாது என்று உடனே தடை வந்தது. ஒரு பாதிரியார், மோலியேரை மனித உடம்பெடுத்த பிசாசு என்றே எழுதினார். 1667 ஆகஸ்ட் 5 அன்று மோலியேர் பெயரையெல்லாம் மாற்றி மறுபடி போட்டார், மறுநாளே நிறுத்திவிட்டார்கள். பாரிஸ் பேராயரோ, அதைப் பார்த்தாலும் படித்தாலும் மத விலக்கு என்று மிரட்டினார். 1669 பிப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டு அச்சான நூலின் முன்னுரையில் மோலியேரே சொல்கிறார்: போலிக்கு எதிரே உண்மையான நல்லவன் ஒருவனை நிறுத்தியிருக்கிறேன் என்று. ஆக, கிளெயாந்த் ஒரு கேடயமும்தான். அந்த 'உம்'மை நீங்கள் விட்டுவிட்டீர்கள்.

அவன் பேச்சு நீளம் என்கிறீர்கள். அதை உங்களுக்கு முன்பே ஓர்கோன் சொல்லிவிட்டானே! முதல் அங்கத்தில் ஊரிலிருந்து திரும்புகிறான். எஜமானிக்குக் காய்ச்சல், தலைவலி என்று பணிப்பெண் தோரீன் சொல்லச் சொல்ல, "தார்த்தூஃப் எப்படி இருக்கிறார்?" என்றே கேட்கிறான். அவர் நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார் என்றால், "பாவம் மனுஷன்!" என்கிறான். நான்கு தடவை! பிறகு கிளெயாந்த் மூச்சு விடாமல் உண்மைப் பக்திக்கும் வேஷத்துக்கும் வித்தியாசம் சொல்கிறான். முழுவதும் கேட்ட ஓர்கோன், "மச்சான், பேசி முடித்தாயிற்றா?" என்கிறான். "ஆயிற்று." "அப்போது நான் வருகிறேன்." அவ்வளவுதான். அன்று ஓர்கோனாக நடித்தவர் மோலியேரே. தான் எழுதிய புத்திமதியைத் தானே மேடையில் உதறிவிட்டுப் போகிறவருக்கு அது சபையில் எப்படிக் கேட்கும் என்று தெரியாதா என்ன?

நான்காம் அங்கத்திலும் இதே கதி. ஓர்கோனையும் அவன் மகனையும் பிரித்து மகனுக்குரிய சொத்தை வாங்கிக்கொள்வது எந்த ஊர் தருமம் என்று கிளெயாந்த் தார்த்தூஃபை மடக்குகிறான். பதில் இல்லாத தார்த்தூஃப், மணி மூன்றரை ஆகிவிட்டது, மேலே ஒரு வழிபாட்டுக் கடமை இருக்கிறது என்று நழுவிவிடுகிறான். ஏமாந்தவனும் ஏமாற்றுகிறவனும் கிளெயாந்திடம் நடந்துகொள்கிற விதம் ஒன்றுதான். எனக்கு நாடகத்திலேயே மிகவும் பிடித்த ஒற்றுமை இது.

ஓர்கோனின் கண்ணைத் திறந்தவள் அவன் மனைவி எல்மீர். கணவனை மேஜைக்கடியில் ஒளித்து வைத்து, தார்த்தூஃப் தன்னிடம் காட்டும் ஆசையை அவன் காதாலேயே கேட்க வைத்தாள். வாதம் செய்யாததை மேஜை செய்தது. வீட்டைக் காப்பாற்றியதோ அரசரின் அதிகாரி. இந்த இரண்டிலும் கிளெயாந்துக்குப் பங்கில்லை. சரி, அப்புறம் எதற்கு அவன்?

இப்போது ஐந்தாம் அங்கத்தின் அந்த முதல் காட்சிக்கு வாருங்கள். பத்திரம் எழுதிக் கொடுத்தாயிற்று. நண்பனின் ரகசியக் காகிதங்கள் இருந்த பெட்டியும் தார்த்தூஃப் கையில். புத்தி வந்த ஓர்கோன் என்ன சொல்கிறான்? இனி நல்லவர்கள் என்றாலே ஆகாது, அவர்களுக்குப் பிசாசைவிடக் கொடியவனாக இருப்பேன் என்கிறான். நேற்று ஒருவனைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவன், இன்று அதே வேகத்தில் எல்லோரையும் சந்தேகிக்கிறான். ஆள் மாறவே இல்லை. இதைப் பார்க்கிறவன் கிளெயாந்த் ஒருவன்தான். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குத் தாவுகிறாயே என்று கடிந்துகொள்கிறான். இன்னொன்றும் சொல்கிறான்: தவறியே தீருவேன் என்றால், பழைய பக்கமே தவறிப் போ, அது மேல். அதாவது நம்பிக் கெட்டாலும் பரவாயில்லையாம்! முதல் நாளிலிருந்து தார்த்தூஃபை நம்பாதே என்று தொண்டை வறளக் கத்தியவன் சொல்கிற வார்த்தை இது. தணிக்கைக்காரரைக் குளிர்விக்க மட்டும் எழுதிய வசனம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசிக் காட்சியிலும் இவனுக்கு ஒரு வேலை இருக்கிறது. தார்த்தூஃப் கைதானதும் ஓர்கோன் "துரோகி..." என்று ஆரம்பிக்கிறான். கிளெயாந்த் நடுவிலேயே நிறுத்தி, விழுந்தவனை மிதிக்காதே, அவன் திருந்தட்டும் என்கிறான். தார்த்தூஃப் திருந்துவான் என்று நான் நம்பவில்லை. கிளெயாந்த் நம்புகிறான், அதுவும் அந்த வீட்டில் யாரும் கேட்காத பேச்சையெல்லாம் பேசி முடித்த பிறகு.