குழாயை மாற்றியது யார்?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: வீட்டின் பின்கட்டில் கோமாளி மீன் வளர்த்து விற்கிறோம். தொட்டியில் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே விடும் டோசிங் பம்ப் ஒன்றை 38,000 ரூபாய்க்கு வாங்கினோம். கடை ஆள் வந்து பொருத்தி, காரத்தன்மைக் கரைசல் நாளுக்கு 60 மில்லி விழும்படி அமைத்துக் கொடுத்தார். ஐந்தாம் மாதம் தொட்டி பால்போல் வெளுத்து, தாய் மீன்களும் பவளங்களும் செத்துவிட்டன. கடைக்காரர் போனில் அவமானப்படுத்தினார். இப்போது பம்ப் விலையோடு 15,000 தருகிறேன் என்கிறார். நான் 2,40,000 கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் ஏழு பக்கக் கடிதத்தில் நான்கு பக்கம் கடைக்காரரின் பேச்சு. அது உங்களைச் சுட்டிருக்கும். ஆனால் நுகர்வோர் ஆணையம் அதற்கு ஒரு ரூபாய்கூடத் தராது. நோட்டீஸ், இரண்டு ஆண்டுக் காலவரம்பு, ராமநாதபுரத்திலேயே மனுப் போடும் வசதி எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. விற்பனைக்கு மீன் வளர்ப்பவர் நுகர்வோரா என்று எதிர்த்தரப்பு கிளப்பும். பிழைப்புக்கான சுயதொழில் என்று பதில் சொல்ல இடமிருக்கிறது.

என்னை நிறுத்தியது ஐந்தாம் பக்கத்து வரி: "நான்காம் மாதம் குழாய் கசிந்தது; கொழுந்தன் வேறு குழாய் வாங்கி மாட்டினார்." வழக்கு அந்த வரியில்தான் நிற்கிறது, விழுகிறது.

இந்தப் பம்புக்குத் திரவத்தை அளக்கத் தெரியாது. உருளைகள் குழாயை நசுக்கி நசுக்கித் தள்ளுகின்றன. எத்தனை சுற்றுக்கு எத்தனை மில்லி என்பதை, அளவுக் குவளையில் பிடித்துப் பார்த்து நாம்தான் அதற்குச் சொல்கிறோம். குழாய் மாறினால் அந்தக் கணக்கும் செத்தது. உள்விட்டம் 2 மி.மீ. இருந்த இடத்தில் 3 மி.மீ. போட்டால் அதே சுழற்சியில் ஏறக்குறைய இரண்டேகால் மடங்கு போகும். திரையில் 60 என்றே இருக்கும். தொட்டியில் 135 விழும். மறுபடி அளந்தீர்களா என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். அளக்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. கேடு நேர்ந்தபோது பொருள் மாற்றப்பட்டிருந்தால் விற்றவர் மீது பொருள் பொறுப்பு வழக்கு, அதாவது பொருளால் நேர்ந்த கேட்டுக்கு இழப்பீடு கேட்கும் வழக்கு, தொடர முடியாது என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு. கடை ஆள் அளந்து காட்டாமல் போனது சேவைக் குறைபாடுதான். ஆனால் அவர் அமைத்தபடி நான்கு மாதம் தொட்டி நன்றாக ஓடியது என்று எழுதியிருப்பதும் நீங்கள்தானே.

இதைவிடப் பெரிய பள்ளம் உங்கள் நஷ்டப் பட்டியலில் இருக்கிறது: "பவளம், ஆறு கல், மாமா பாருக்குப் போனபோது எடுத்துவந்தது." பார் என்றால் கடலடிப் பவளப்பாறை. இதை வாசித்தபோது எனக்குப் பயமாகிவிட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பாறைகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அதை விடுங்கள், எங்கே எடுத்தாலும் கடும்பவளம், அதாவது கல்போல் இறுகிய பவளம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. தண்டனை குறைந்தது மூன்று ஆண்டு, ஏழு வரை போகலாம். அபராதம் 25,000-க்குக் குறையாது. கையில் இருந்தாலே சட்டவிரோதம் என்று 57-ஆம் பிரிவு ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்களுடையது. அந்தக் காலத்தில் சுண்ணாம்புக்கே வெட்டினார்களே என்று மாமா சொல்வார். அது வாதம் ஆகாது.

என்னிடம் வந்த ஒருவர் பழுதான குளிர்பெட்டிக்கு இழப்பீடு கேட்டு நோட்டீஸ் அனுப்பிவிட்டுத்தான் வந்தார். கெட்டுப்போன சரக்கு என்று இறாலோடு கடல் அட்டை என்ற கடலுயிரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அட்டையும் அதே முதல் அட்டவணைதான். எதிர்த்தரப்பு அந்த ஒரு தாளை வனத்துறைக்கு அனுப்பியது. குளிர்பெட்டியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவர் இன்னும் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அலைகிறார். உங்களை அந்த வரிசையில் பார்க்க எனக்கு மனமில்லை.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். 53,000 ரூபாய் என்பது வழக்கில் நீங்கள் எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகம் என்றே நினைக்கிறேன். பணம் வங்கி வழியாக வரட்டும். பம்ப் பற்றிய எல்லாக் கோரிக்கையும் இத்துடன் தீர்ந்தது என்று இருவரும் கையெழுத்திட்ட தாள் இருக்கட்டும். பணம் வரும்வரை பம்பையும் கழற்றிய பழைய குழாயையும் தொடாமல் வையுங்கள்.

அந்த ஆறு கற்களை இரவோடு இரவாகக் கடலில் போடுவதோ புதைப்பதோ வேண்டவே வேண்டாம். தடயத்தை அழித்தது தனிக் குற்றமாகும். இந்த வாரமே ராமநாதபுரத்தில் குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரை மாமாவோடு நேரில் பாருங்கள். வனத்துறையிடம் எப்படிப் போவது என்பதை அவர் சொல்லட்டும். அதுவரை யாருக்கும், எனக்கும்கூட, அதைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள்.