வாசகர் கேள்வி–பதில்: மலை கடக்கும் கோதுமை ரயில்கள்

கேள்வி: நாங்கள் கால்கரிக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. என் மகனுக்கு எட்டு வயது. ரயில் என்றால் அவனுக்கு உயிர். தானியம் ஏற்றிச் செல்லும் சரக்கு ரயில்களைப் பார்க்க நவம்பர் கடைசி வாரம் ஏற்றதா? எங்கே நின்று பார்க்கலாம்? மற்ற சரக்கு ரயில்களிலிருந்து அவற்றை எப்படிப் பிரித்தறிவது?
– ஒரு வாசகர், கால்கரி

பதில்: மிகவும் ஏற்ற காலம். ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவன், மானிடோபா சமவெளிகளில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அறுவடையாகும் கோதுமையும் கனோலா எண்ணெய் வித்தும் பருப்பு வகைகளும் லாரிகளில் தானியக் கிடங்குகளை அடைந்து, அங்கிருந்து ரயிலேறுகின்றன. ‘கிரேட் லேக்ஸ்’ எனப்படும் பெரிய ஏரிகளின் கப்பல் பாதை குளிர்காலத்தில் மூடப்படும் என்பதால், கிழக்கே தண்டர் பே துறைமுகத்துக்கு அதற்குள் அனுப்பிவிட வேண்டிய அவசரமும், மேற்கே ஆண்டு முழுவதும் இயங்கும் வான்கூவருக்கு அனுப்பும் வேலையும் முன்பனிக்காலத்தில் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன.

கால்கரியிலிருந்து காரில் செல்வதானால் லேக் லூயிஸ் அருகே, போ நதிக்கரையில் உள்ள மோரன்ட் வளைவையே முதலில் சொல்வேன். சாலையோர மேட்டில் நின்றாலே ரயில் முழுவதும் வளைந்து வருவது தெரியும். தண்டவாளத்தருகே இறங்கத் தேவையில்லை, இறங்குவது சட்டப்படி குற்றமும்கூட. சரக்கு ரயில்களுக்குப் பயணிகள் ரயில் போல வெளியிடப்பட்ட கால அட்டவணை கிடையாது. அந்த வாரத்தில் காலை எட்டு மணிக்குப் பிறகே விடிந்து, மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். ஆகவே ஃபிளாஸ்கில் சூடான பாலும், பையனுக்கு இரண்டாவது ஜோடி கையுறையும் எடுத்துக்கொண்டு, நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் காத்திருக்கும் எண்ணத்துடன் செல்லுங்கள்.

தானிய வேகன் மேலே மூடியிருக்கும். அடியில் புனல் போன்ற வாய்கள் இருக்கும். பொட்டாஷ் உர வேகனும் அப்படித்தான் என்றாலும், பொட்டாஷ் கனமான சரக்கு என்பதால் அந்த வேகன் உருவில் சிறியது. பக்கங்கள் உருண்டு திரண்ட பழைய வேகன்களை மகனுக்குத் தவறாமல் காட்டுங்கள். கனடா அரசு 1972 முதல் வாங்கிய அவை இப்போது ஒவ்வொன்றாக ஓய்வுபெற்று, நீளம் குறைந்தும் கொள்ளளவு கூடியும் உள்ள புதிய வேகன்களுக்கு இடம்விடுகின்றன. பக்கவாட்டில் ஏ.எல்.என்.எக்ஸ். என்று எழுதியிருந்தால் அது ஆல்பர்ட்டா மாகாணம் வாங்கியது; எஸ்.கே.என்.எக்ஸ். என்றால் சஸ்காச்சுவன் வாங்கியது. எட்டு வயதுப் பிள்ளைக்கு நோட்டில் குறித்துவைக்க இதைவிட நல்ல கணக்கு இல்லை.

இந்தப் பாதையில் மேற்கே செல்லும் தானிய ரயில் பெரும்பாலும் சரக்குடனும், கிழக்கே திரும்புவது காலியாகவும் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டும் இதைச் சொல்லிவிடலாம்: காலி வேகன் தகர டப்பா போலக் கடகடவென்று அதிரும், நிறைந்த வேகன், மொத்தம் 130 டன் வரை எடையுடன், சுருள்வில்கள் அழுந்த, காலடியில் உணரும்படியான தாழ்ந்த முழக்கத்துடன் கடக்கும்.

கேள்வி: கடுங்குளிர் வந்தால் சரக்கு ரயில்களின் நீளத்தைக் குறைக்கிறார்களே, தண்டவாளம் சுருங்குவதாலா?
– ஒரு வாசகி, எட்மன்டன்

பதில்: காரணம் தண்டவாளமன்று, பிரேக். இன்ஜினிலிருந்து கடைசி வேகன் வரை ஒரே காற்றுக் குழாய் ஓடுகிறது. அதில் அழுத்தம் குறையும்போது பிரேக் பிடிக்கும். குளிரில் இணைப்புகளிலுள்ள ரப்பர் விறைத்து, ஒவ்வோர் இணைப்பிலும் சிறிது காற்று கசிவதால், நீண்ட ரயிலின் வால்பகுதிக்குப் போதிய அழுத்தம் சென்று சேர்வதில்லை. அதனால்தான் மைனஸ் 25 பாகைக்குக் கீழே வேகன்களைக் குறைக்கிறார்கள். ரயிலின் நடுவிலும் கடைசியிலும் ஆளில்லாத இன்ஜின்களைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் இருக்கும் ஓட்டுநர் ரேடியோ அலை வழியாக இயக்கும் அவை, இழுப்பதோடு குழாய்க்குக் காற்றும் ஊட்டுகின்றன.

இது வெறும் பொறியியல் நுணுக்கமல்ல. ராக்கி மலையில் ஃபீல்டு ஊருக்கு இறங்கும் பாதையின் 4.5 சதவீதச் சரிவு, 1909இல் திறக்கப்பட்ட, மலைக்குள் வளைந்து சுற்றிச் செல்லும் சுருள் சுரங்கங்களால் 2.2 ஆகக் குறைந்தது. ஆனாலும் இன்றும் அது கடினமான இறக்கமே. 2019 பிப்ரவரி 4 அன்று, மைனஸ் 28 பாகைக் குளிரில், 112 தானிய வேகன்களுடன் அந்தச் சரிவில் அவசர பிரேக்கில் நிறுத்தப்பட்டிருந்த ரயில், ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்குப் பின் தானாக உருளத் தொடங்கியது. பிரேக் உருளைகளிலிருந்து காற்று கசிந்திருந்தது. அப்போதுதான் பொறுப்பேற்றிருந்த ஊழியர்கள் மூவரும் உயிரிழந்தனர். அந்த வாரமே, 1.8 சதவீதத்துக்கு மேற்பட்ட மலைச்சரிவில் அவசர பிரேக்கில் நிற்கும் ரயிலுக்குக் கைப்பிரேக்கையும் போட வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. கைப்பிரேக் என்பது ஒவ்வொரு வேகனிலும் ஏறி, உறைந்த இரும்புச் சக்கரத்தை ஒருவர் தம் கையால் திருகி இறுக்கும் வேலை. ஃபீல்டில் ஊழியர்கள் மாறும்போது ஒரு தானிய ரயில் நின்றிருக்கக் கண்டால், பனியில் விளக்கேந்தி வேகன் ஓரமாக நடந்து செல்பவரையும் சற்று நேரம் பாருங்கள்.