லண்டனில் செப்டம்பரில் இலவசமாகத் திறந்துவிடும் பழைய மாளிகைகளுக்கு நம்மவர்கள் போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களா?

பார்க்க மாட்டார்கள். தாராளமாகப் போங்கள்.

நீங்கள் வேலைக்கு வந்து ஓரிரு வருடம் ஆனவர் என்று நினைக்கிறேன். ஊரிலிருந்து பெற்றோர் வந்திருப்பார்கள். குடும்பத்துக்கே டிக்கெட் எடுத்து அரண்மனை காட்டக் கையைக் கடிக்கும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

இப்படி இலவசமாகத் திறந்துவிடும் விழா லண்டனில் ‘ஓப்பன் ஹவுஸ்’ என்ற பெயரில் 1992 முதல் நடக்கிறது. இதே மாதிரி இங்கிலாந்து முழுக்க நடக்கும் ‘ஹெரிட்டேஜ் ஓப்பன் டேஸ்’ 1994-இல் தொடங்கியது. மற்ற நாட்களில் காசு வாங்கும் இடங்கள் மட்டுமல்ல, வழக்கமாக வெளியாட்களை உள்ளேயே விடாத இடங்களும் அப்போது திறக்கும்.

நான் மாமனாரை அழைத்துப் போனது கிழக்கு லண்டன் இல்ஃபோர்டில் ஒரு பூங்காவுக்குள் இருக்கும் வேலன்டைன்ஸ் மாளிகைக்கு. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பூங்காவில் நடக்கிற தமிழர்களுக்குக் குறைவில்லை, ஆனால் எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் மாளிகைக்குள் கால் வைத்ததில்லை. 1696-இல் கட்டிய வீடு. 1754-இல் அதை வாங்கியவர் சார்லஸ் ரேமண்ட், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலின் கேப்டனாக இருந்தவர். கம்பெனி கேப்டன்களுக்குச் சம்பளத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. கப்பலில் சொந்தச் சரக்கும் ஏற்றிக்கொள்ளலாம் என்று அனுமதி இருந்தது. பணம் கொட்டியது அதில்தான்.

வழிகாட்டியாக இருந்த தன்னார்வலர் அம்மா இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மாமா கையைத் தூக்கிவிட்டார். அவர் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குப் பகீர் என்றது.

“அந்தக் காலத்து மெட்ராஸில் துறைமுகமே கிடையாது, தெரியுமா?” என்று தன் ஆபீஸ் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். கப்பல் தள்ளி ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் கரைக்கு வருவது மசூலாப் படகில். ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு, அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். “கவர்னரே ஆனாலும் எங்கள் ஊர்ப் படகோட்டி மனசு வைத்தால்தான் கரை சேர முடியும்” என்று முடித்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மா நோட்டை எடுத்து, ‘மசூலா’வுக்கு என்ன ஸ்பெல்லிங் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அப்புறம் அவர் பங்குக்கு ஒன்று சொன்னார்: ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-இல் நட்டு இன்னும் காய்க்கிற பெரிய திராட்சைக் கொடி, இந்த வேலன்டைன்ஸ் கொடியிலிருந்து வெட்டிப் போன துண்டாம். வீடு திரும்பும் வரை மாமா நிமிர்ந்தே நடந்தார்.

‘நம்மைச் சுரண்டிய காசில் கட்டிய வீட்டை வாய் பிளந்து பார்க்கிறாயா’ என்று கீழே கமெண்டில் யாராவது கேட்பார்கள். ரேமண்ட் கட்டவில்லை, வாங்கினார். அது போகட்டும். நான் அந்த வீட்டின் புகழ் பாடவில்லை. காசு எங்கிருந்து வந்தது என்பதை அந்தக் கூடத்திலேயே நின்று கேட்பதும், நம் பங்குக்கு நாலு வார்த்தை சொல்வதும் எனக்குப் பிடித்திருக்கிறது. பிடிக்காதவர்கள் ஷாப்பிங் போகலாம், நான் தடுக்கவில்லை.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டபோது ஒருவர் ‘ஓசி டூரா?’ என்று கேட்டார். போன தீபாவளி விருந்துக்குக் குடும்பத்தோடு வந்து, மிச்ச பிரியாணியையும் டப்பாவில் கட்டிக்கொண்டு போனவர். அவர் பங்குப் பணம் இன்னும் வரவில்லை. நினைவூட்டினால் நீல டிக் மட்டும் விழுகிறது.

சரி, உங்கள் விஷயம். பெயர் பெற்ற இடங்களுக்கு முன்பதிவு வேண்டியிருக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆகஸ்டிலேயே பட்டியலைப் பாருங்கள். பழைய வீடுகளில் லிஃப்ட் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் தரைத்தளத்தில் எவ்வளவு பார்க்க முடியும் என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.