பல்லுக்கொழுக்கட்டைக்குள் ஒரு பேய்

கேள்வி: ஒக்டோபர் கடைசிச் சனிக்கிழமை மகளின் சிநேகிதப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் ஹலோவீன் பார்ட்டிக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். போன வருடம் கறுப்பு ஐசிங் பூசிக் கப்கேக் செய்தேன். பிள்ளைகளின் வாய், பல், சோபா எல்லாம் கறுப்பு. பாதிக் கேக் குப்பைக்குள். இந்த முறை யாழ்ப்பாணத்திலிருந்து மாமி வந்து நிற்கிறா. முட்டை தொடமாட்டா. "சாமிப்படம் இருக்கிற வீட்டிலை பேய்ப் பலகாரமோ?" என்று முகத்தைச் சுழிக்கிறா. வருகிற பிள்ளைகளில் ஒன்றுக்கு நட் அலர்ஜி. என் மகனுக்கு மூன்று வயது. என்ன செய்யலாம் அக்கா?
– ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்: தங்கச்சி, கறுப்பு ஐசிங்கில் கையைச் சுடாத தாய் இந்த ஊரில் குறைவு. வெள்ளை பட்டர் ஐசிங்கைக் கறுப்பாக்க எவ்வளவு கலர் ஊற்றினாலும் அது சாம்பல் நிறத்தில்தான் நிற்கும். கறுக்கும் நேரம் நாக்கில் கசக்கும். கறுப்புத்தான் வேண்டுமென்றால் முதலில் கொக்கோ தூள் போட்டு மண்ணிறமாக்கி, கொஞ்சம் கலர் சேர்த்து, ஓர் இரவு மூடி வையுங்கள். விடிய நிறம் தானாகவே ஏறியிருக்கும். ஆனால் நான் சொல்ல வருவது வேறு. பயத்தை நிறத்தில் தேடாதீர்கள், உருவத்தில் தேடுங்கள். கண்ணுக்குப் பேயாகவும் வாய்க்குத் தெரிந்த பலகாரமாகவும் இருந்தால் தட்டு வெறுமையாகும்.

அப்படி ஒன்று மாமியின் கையிலேயே இருக்கிறது. பல்லுக்கொழுக்கட்டை!

பிள்ளைக்கு முதல் பல் முளைத்ததும் தலையில் வெள்ளைத் துணி பிடித்துக் கொட்டுவோமே, அதேதான். அரைவட்டமாக மடித்த மா, விளிம்பில் வரிசையாகத் தேங்காய்ச் சொட்டு. ஊரில் அதைப் பார்க்கும்போது யாருக்கும் பயம் வராது. ஒரு ஹலோவீன் மேசையில் கறுப்புத் தட்டில் இருபதை அடுக்கிப் பாருங்கள். இருபது வாய்கள் உங்களைப் பார்த்து இளிக்கும்.

வெள்ளை அரிசி மாவுக்குப் பதில் வறுத்த சிவப்பரிசி மா இரண்டு கப் எடுங்கள். அவிந்ததும் அது அப்படியே பல் முரசின் நிறத்துக்கு வரும், கலர்ப் போத்தலே தேவையில்லை. அவித்து அரித்த கோதுமை மா ஒரு கப், உப்பு, பிறகு கொதிநீரைக் கொஞ்சங் கொஞ்சமாக விட்டு, கையில் ஒட்டாத பதத்துக்குக் குழையுங்கள். உள்ளுக்கு வறுத்து அவித்த பயறு ஒரு கப், தேங்காய்ப்பூ ஒரு கப், சர்க்கரை முக்கால் கப், ஏலக்காய். பயறு குழைந்து போகக்கூடாது, விரலால் நசுக்கினால் நசியவேண்டும், அவ்வளவுதான்.

பல்லில்தான் விளையாட்டு. தேங்காயைச் சின்னி விரல் நகமளவு சீவல்களாக வெட்டி, பாதிக்கு மண்ணிறத் தோலைச் சீவி விடுங்கள், மற்றப் பாதிக்கு விட்டுவிடுங்கள். தோல் இருக்கிறது சூத்தைப் பல். ஒழுங்காக அடுக்காதீர்கள். ஒன்றைச் சரித்து, ஒன்றை உள்ளே தள்ளி, இடையில் ஓர் ஓட்டை விட்டுக் குத்துங்கள். ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் மாவை ஈரக் கையால் அமத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் நீத்துப்பெட்டியிலிருந்து எடுக்கும்போது பல் எல்லாம் கொட்டிவிடும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் அவித்தால் காணும். இரத்தத்துக்கு ராஸ்பெரி ஜாமைச் சூடாக்கி, விதை போக வடித்து, தட்டை மேசைக்குக் கொண்டுபோகிற அந்த நிமிடத்தில் வாயோரம் ஒரு சொட்டு விடுங்கள். முன்னரே விட்டால் மா உறிஞ்சி, சொண்டுப் பூச்சு அழிந்த மாதிரி ஆகிவிடும்.

மாமியைக் கேட்டுப் பாருங்கள். "பேய்ப் பலகாரம் செய்து தாங்கோ" என்று கேட்காமல், "பல்லுக்கொழுக்கட்டை செய்ய எனக்குப் பதம் வருகுதில்லை மாமி" என்று கேளுங்கள்.

அவவின் மனக்குறைக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஹலோவீன், நவம்பர் 1 அனைத்துப் புனிதர் நாளுக்கு முந்தைய இரவு. மறுநாள் 2ஆம் திகதி கத்தோலிக்கர் சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி ஏற்றுகிற நாள், யாழ்ப்பாணத்தில் மாமி அதைப் பார்த்திருப்பா. மெக்சிகோவில் அந்த நாட்களில் சீனியிலேயே மண்டையோடு வார்ப்பார்கள், நெற்றியில் பெயர்கூட எழுதுவார்கள். இத்தாலியில் 'செத்தவரின் எலும்பு' என்றே ஒரு பிஸ்கட் இருக்கிறது. அயர்லாந்தில் பூசணிக்குப் பதில் டேர்னிப் கிழங்கைத்தான் முதலில் குடைந்து விளக்காக்கினார்கள். இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிற எங்களுக்கு இதில் அந்நியம் என்ன? 2024இல் தீபாவளியும் ஹலோவீனும் ஒக்டோபர் 31 அன்றே வந்தபோது எங்கள் வாசலில் ஒரு பக்கம் குத்துவிளக்கும் மறுபக்கம் பூசணித் தலையும் நின்றன. இரண்டும் சண்டை பிடிக்கவில்லை.

அடுத்தது சூனியக்காரி விரல். கோதுமை மா 300 கிராம், பட்டர் 200, சீனி 100. முட்டை இல்லை. எல்லோரும் நகத்துக்கு பாதாம் வைப்பார்கள். உங்கள் வீட்டில் அது வேண்டாம், பச்சைப் பூசணி விதை வையுங்கள். நகம் பாசி பிடித்த மாதிரி இன்னும் அருவருப்பாக இருக்கும். வாங்கும்போது பக்கெட்டில் நட் எச்சரிக்கை இருக்கிறதா என்று வாசியுங்கள். விரலைப் பென்சில் மொத்தத்துக்கு மேல் உருட்ட வேண்டாம், ஓவனில் அது பரக்கும். நான் முதல் தடவை வடிவாக உண்மையான விரல் அளவில் உருட்டினேன். வெளியே வந்தது எங்கள் பெரியப்பாவின் கால் பெருவிரல். உருட்டி, நடுவில் மொளி வரக் கத்தியால் இரண்டு கீறு கீறி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்த பிறகே 170 பாகை செல்சியஸில் பதினெட்டு, இருபது நிமிடம். நகம் கழன்றால் ஜாம் தொட்டு ஒட்டுங்கள், அது இரத்தமும் ஆச்சு.

வெள்ளைப் பேய்க்கு எல்லாரும் முட்டை வெள்ளைக்கரு அடிப்பார்கள். கொண்டைக்கடலை டின்னில் இருக்கிற தண்ணீரும் அப்படியே நுரைக்கும். உப்புச் சேர்க்காத டின், கொழுப்புப் படாத பாத்திரம், சீனியைக் கரண்டி கரண்டியாக. கூராகப் பிழிந்து 100 பாகையில் இரண்டு மணி நேரம் காயவிட்டு, ஓவனை நிறுத்தி உள்ளேயே ஆறவிடுங்கள். கொழுக்கட்டை அவிக்கிற நாளில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். குசினி முழுக்க நீராவி நின்றால் பேய் எல்லாம் பிசுபிசுத்துச் சாய்ந்துவிடும். வியாழக்கிழமை பேய், வெள்ளி விரல், சனி காலை கொழுக்கட்டை. பேயைக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி வையுங்கள்.

மார்ஷ்மெலோவை உருக்கி இழுத்துச் சிலந்தி வலை போடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அதில் ஜெலட்டின், மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. மாமிக்குப் பிறகு தெரியவந்தால் நான் பொறுப்பில்லை. டிரை ஐஸ் புகையும் வேண்டாம். மைனஸ் 78 பாகையில் இருக்கிற சாமான், பன்னிரண்டு பிள்ளைகள் நிற்கிற இடத்தில் கோப்பைக்குள் எதற்கு?

அலர்ஜி உள்ள பிள்ளையின் தாயை இன்றைக்கே கூப்பிட்டுக் கதையுங்கள். தேங்காயைக் கனடாவில் நட் பட்டியலில் சேர்ப்பதில்லை, ஆனாலும் அவர் வாயால் 'சரி' என்று கேட்டுக்கொள்ளுங்கள். எள்ளும் இங்கே முக்கிய அலர்ஜிப் பொருள்களில் ஒன்று. ஆகவே எள்ளுருண்டையைச் சிலந்தியாக்கும் என் ஆசையை உங்களுக்காகக் கைவிடுகிறேன்.

மகனுக்கு மூன்று வயது என்றீர்கள். லீச்சிப் பழத்துக்குள் புளூபெரி வைத்த 'கண்முழி' எங்கும் பிரபலம், ஆனால் அந்த வயதுக்கு முழு உருண்டை தொண்டையில் அடைக்கும். அவனுக்கு நான்காக வெட்டிக் கொடுங்கள், பூனைக் கண் என்று சொன்னால் போதும். தேங்காய்ச் சொட்டும் அவனுக்குக் கடினம். அதனால் கொழுக்கட்டையில் நாலைந்தைப் பல் வைக்காமல் தனியாக அவித்து எடுங்கள். 'பல்லுக் கொட்டின கிழட்டுப் பேய்' என்று பெயர் வைத்தால் பெரிய பிள்ளைகளும் அதைத்தான் கேட்பார்கள். மாமியின் காதில் விழாமல் சொல்லுங்கள்.